அப்பாவுக்குக் கால் மரத்துப்போகுது: மரப்பு மருந்து கலந்த சிவப்பு பி வைட்டமின் ஊசி போடலாமா?

குலசேகரம்_மகள் எழுதியது:

வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. எது முக்கியம், எதை விடலாம்னு எனக்குத் தெரியல, அதான் எல்லாத்தையும் எழுதிடறேன்.

அப்பாவுக்கு 63 வயசு. குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் நடுவுல ஒரு தோட்டத்துல 38 வருஷமா ரப்பர் பால் வெட்டுறார். விடியக்காலம் 3 மணிக்குத் தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு இறங்கினா 300 மரம். வெட்டி முடிச்சு, சிரட்டையில வடிஞ்ச பாலை எடுத்து, உறைய வச்சு ஷீட் அடிச்சு வீட்டுக்கு வர மத்தியானம் ஆயிரும். சுகர் வந்து 12 வருஷம். மெட்ஃபார்மின் 1000 காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நெஞ்செரிச்சலுக்குப் பேன்டோப்ரசோல் மாத்திரை, அதுவும் நாலஞ்சு வருஷமா தினம் வெறும் வயித்துல. குடி கிடையாது. பீடி 10 வருஷம் முன்னாடியே விட்டாச்சு.

ஒரு வருஷத்துக்கு மேலா ரெண்டு பாதத்துலயும் தரிப்பு, அதான் மரமரப்பு. முதல்ல விரல் நுனி மட்டும், இப்ப கணுக்கால் வரைக்கும் ஏறிட்டு. ராத்திரியானா எரிச்சல். பச்சை மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி இருக்குன்னு சொல்லுவார். போர்வை பட்டாலே காலை இழுத்துக்குவார். அம்மா வாளியில தண்ணி கொண்டு வச்சா திண்ணையில உட்கார்ந்து காலை அதுல முக்கிக்கிட்டு 2 மணி வரைக்கும் இருப்பார். அப்புறம் அப்படியே லைட்டை எடுத்துக் கட்டிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போயிருவார்.

போன மாசம் ஒரு நாள் தோட்டத்துல இருந்து வரும்போது இடது கால்ல மட்டும்தான் செருப்பு. "மத்தது எங்க?"ன்னு அம்மா கேட்டா. குனிஞ்சு பார்த்தவர் அப்படியே நின்னுட்டார். கழண்டு விழுந்தது தெரியவே இல்லை. பெருவிரலுக்குக் கீழ ஒரு முள்ளு ஏறி, சுத்தி ரத்தம் காய்ஞ்சு கிடந்தது. "ஒண்ணும் வலிக்கல மக்ளே"ன்னு என்கிட்ட சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கை இன்னும் என்னால மறக்க முடியல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க அக்கா மகன் ரஷ்யாவுல டாக்டருக்குப் படிக்கிறான், நாலாவது வருஷம். லீவுக்கு வந்தப்ப தாத்தாவுக்குன்னு ஒரு பெட்டி ஊசி கொண்டு வந்தான். பிரவுன் கண்ணாடியில 10 ஆம்ப்யூல், ஒவ்வொண்ணும் 2 மில்லி. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா உள்ள மருந்து பதிமுகம் போட்டுக் காய்ச்சின தண்ணி மாதிரி சிவப்பு. பேர் மில்காமா, ஜெர்மன் கம்பெனி. அட்டை பூரா ரஷ்ய எழுத்து. அவன் வாசிச்சுச் சொன்னது: பி1 100 மி.கி., பி6 100 மி.கி., பி12 1000 மைக்ரோகிராம், கூடவே லிடோகைன் 20 மி.கி. அங்க முதுகு வலி, கால் நரம்பு வலின்னு வந்தா இதைத்தான் நிறைய எழுதுவாங்களாம். தினம் ஒண்ணு, 10 நாள்.

ஜங்ஷன்ல ஒரு கிளினிக்ல 50 ரூபா குடுத்தா போட்டு விடுவாங்க. போன வருஷம் அங்கதான் ஒரு சிவப்பு ஊசி அஞ்சு நாள் போட்டாங்க. என்ன ஊசின்னு ஒரு துண்டுச் சீட்டு கூட தரல. கேட்டதுக்கு "நரம்புக்குச் சத்து"ன்னாங்க. ஒரு மாசம் எரிச்சல் அடங்கி இருந்தது, அப்புறம் பழைய கதை. அதனால அப்பாவுக்கு ஊசி மேல நம்பிக்கை. "மரப்பு மருந்தும் சேர்ந்திருக்குல்லா, இது இன்னும் நல்லா கேட்கும்"னு சொல்றார்.

ஏற்கெனவே மரத்துப்போன காலுக்கு மரப்பு மருந்து எதுக்குன்னு எனக்குப் புரியல. போடலாமா? அப்புறம், வாரத்துல அஞ்சு நாள் சாளையோ அயிலையோ சாப்பிடுற மனுசனுக்குச் சத்து எப்படிக் குறையும்? இன்னொண்ணு விட்டுப்போச்சு. ரெண்டு மாசமா குனிஞ்சு சிரட்டையை எடுத்துட்டு நிமிர்ந்தா தலை சுத்துதுன்னு சொல்றார். ஒரு தடவை மரத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார்.

---

அருமனை_தம்பி:

அக்கா, எங்க மாமியாருக்கு இடுப்புல இருந்து கால் வரைக்கும் இழுத்துக்கிட்டு ஒரு வருஷம் அவஸ்தை. பி12 ஊசி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு நல்லா நடக்கிறாங்க. சத்து ஊசிதானே, மிஞ்சினா மூத்திரத்துல போயிரும்னு எங்க டாக்டர் சொன்னார். தைரியமா போடுங்க.

---

நெய்யூர்_நர்ஸம்மா:

மக்ளே, நான் 33 வருஷம் நர்ஸா வேலை பார்த்தவ. பாதிக் காலம் நெய்யூர்ப் பக்கம், மீதி ஓமன்ல. இப்ப ரிட்டயர்டாகி வீட்டுல இருக்கேன். டாக்டர் இல்லை, அதனால இந்த மருந்தைப் போடு, அதைப் போடுன்னு எழுத மாட்டேன். ஆனா அந்தச் சிவப்பு ஊசியை எத்தனை பேருக்குக் குத்தியிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்லை. அதைப் பத்திப் பேசலாம்.

செருப்பு கழண்டது தெரியலைன்னு வாசிச்சதும் படுத்திருந்தவ எழுந்து உட்கார்ந்துட்டேன். எரியுற காலுக்கு மனுசன் மருந்து தேடி ஓடுவான். மரத்த காலுக்கு ஓட மாட்டான், ஏன்னா அது அவனைத் தொந்தரவு செய்யாது. முள்ளு ஏறும், கொப்புளம் வரும், சீழ் பிடிக்கும், நாத்தம் வந்த பிறகுதான் வீட்டுல ஆள் பார்ப்பாங்க. அப்படி வந்தவங்களுக்கு விரலை எடுத்த கட்டை நான் மாத்தி விட்டிருக்கேன். அதனால இன்னைக்கே ஒண்ணு செய். சாயங்காலம் அப்பா குளிச்சதும் ரெண்டு பாதத்தையும் உன் மடியில வச்சு, விரல் இடுக்கு விடாம டார்ச் அடிச்சுப் பாரு. தினமும் பாரு. அந்த வாளித் தண்ணியில காலை முக்குறதையும் நிறுத்து. ஊறின தோல் சீக்கிரம் பிளக்கும். தண்ணி சூடா இருந்தா வெந்தே போகும், அவருக்குத் தெரியாது.

இப்ப ஊசி. அந்தப் பெட்டியைத் தொடாதே. மருந்து கெட்டதுன்னு சொல்லல, நல்ல மருந்துதான். ஆனா ஊசி உள்ள போனபிறகு ரத்தத்தைச் சோதிச்சா பி12 அளவு தாறுமாறா ஏறி நிக்கும். முன்னாடி குறை இருந்ததா இல்லையான்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. போன வருஷம் அந்தக் கிளினிக்காரங்க செஞ்ச தப்பு அதுதான். சீட்டு தராதது ரெண்டாவது தப்பு. ரத்தம் எடுக்க ரெண்டு நிமிஷம் போதும். அதைச் செய்யாம அஞ்சு நாள் குத்தி, ஒரு மாசம் சும்மா இருக்க வச்சு, ஒரு வருஷத்தைப் போக்கிட்டாங்க. எனக்கு இதுல கோவம் வருது மக்ளே. இதே கூத்தை நான் எத்தனையோ இடத்துல பார்த்திருக்கேன்.

மீன் சாப்பிடுற ஆளுக்கு எப்படிக் குறையும்னு கேட்டே பாரு, நல்ல கேள்வி. சாளையில பி12 தாராளமா இருக்கு. நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ரெண்டு, ரெண்டரை மைக்ரோகிராம்தான். ஆனா அது மீன் சதையோட ஒட்டிக்கிட்டு இருக்கும். வயித்துல அமிலம் இருந்தாத்தான் பிரிஞ்சு வரும். உங்கப்பா தினம் போடுற பேன்டோப்ரசோல் அந்த அமிலத்தைத்தான் குறைக்குது. பிரிஞ்சு வந்ததும் சிறுகுடலோட கடைசிப் பகுதியில உறிஞ்சப்படணும். மெட்ஃபார்மின் அங்க போய் மறிக்கும். ரெண்டு மாத்திரையும் வருஷக்கணக்கா சேர்ந்து போகுது. ஈரல்ல சேத்து வச்சது தீர நாலஞ்சு வருஷம் ஆகும், அதனாலதான் மாத்திரை தொடங்கின கையோட ஒண்ணும் தெரியாது. சட்டியில மீன் கறி இருந்தும் உடம்புக்குப் போய்ச் சேரல. இதுக்காக மெட்ஃபார்மினை நீயா நிறுத்திறாதே, சுகர் ஏறினா அதுவே நரம்பைத் தின்னும். மெட்ஃபார்மின் போடுறவங்களுக்கு அப்பப்போ பி12 பார்க்கணும்னு டாக்டர்களுக்கே வழிகாட்டல் இருக்கு. நீ கேட்டா எடுப்பாங்க, கேட்காட்டா பல இடத்துல விட்டுரும்.

பி1 எனக்குப் பெருசா சந்தேகமில்லை. அது குறைஞ்சா வர்ற பெரிபெரி, தீட்டின பச்சரிசி மட்டும் தின்ன ஊர்கள்ல வந்த நோய். நம்ம பக்கம் புழுங்கலரிசிச் சோறு. நெல்லைப் புழுக்கும்போதே தவிட்டுல இருக்கிற பி1 அரிசிக்குள்ள இறங்கிக்கும். குடிக்கிறவங்களுக்குத்தான் அது காலியாகும், உங்கப்பா குடிக்கிறதில்லைன்னு எழுதியிருக்கே.

அடுத்தது அந்த லிடோகைன். நம்ம ஆஸ்பத்திரியில லிக்னோகைன்னு சொல்லுவோம். பல்லு பிடுங்கும்போது ஈறுல போடுற அதே மருந்து. பி1-ம் பி6-ம் சதையில இறங்கும்போது நல்லாக் கடுக்கும். நான் போட்ட பி காம்ப்ளக்ஸ் ஊசிக்கு ஆம்பிளைங்க கட்டிலைப் பிடிச்சுக் கத்தியிருக்காங்க. அந்தக் கடுப்பு தெரியாம இருக்கத்தான் இதைக் கலக்கிறது. குத்தின இடம் கொஞ்ச நேரம் மரக்கும், அவ்வளவுதான். இடுப்புல போட்ட 20 மி.கி. பாதத்து நரம்புக்குப் போய் ஒண்ணும் செய்யாது. அதனால மரப்பு மருந்து இருக்கிறதால நல்லா கேட்கும்னு அப்பா நினைக்கிறது சரியில்லை. மரத்த கால் இதனால இன்னும் மரத்துப்போகும்னு நீ பயப்படவும் வேண்டாம்.

ஆனா அதை லேசா எடுத்துக்கவும் கூடாது. நரம்புல சேதி ஓடுறது சோடியம் உள்ள பாயுறதாலதான். அந்த வாசலை லிக்னோகைன் அடைக்கும், அதான் மரப்பு. அதே வாசல் இதயத்துலயும் இருக்கு. இதயத்துல மின்சாரம் ஓடுற பாதையில பெரிய அடைப்பு உள்ளவங்களுக்கும், இதயம் தளர்ந்து மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கிறவங்களுக்கும் இந்த ஊசி கூடாதுன்னு மருந்துக் குறிப்புலயே இருக்கும். நீ கடைசியில 'விட்டுப்போச்சு'ன்னு ஒரு வரி எழுதினே பாரு, தலை சுத்தி மரத்தைப் பிடிச்சுக்கிட்டார்னு. அது முதல் வரியா வந்திருக்கணும். ஒரு இசிஜி எடுக்காம, படுக்க வச்சு ஒரு தடவை நிக்க வச்சு ஒரு தடவை பிரஷர் பார்க்காம, அவருக்கு லிக்னோகைன் கலந்த எதையும் போட விடாதே.

அருமனைத் தம்பி சொன்னதுக்கும் ஒரு வார்த்தை. மிஞ்சினது மூத்திரத்துல போயிரும்னு எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்காங்க. பி12-க்கு அது பெரும்பாலும் சரி. பி6-க்கு சரியில்லை தம்பி. அதிகமா, ரொம்ப நாள் போனா அதுவே கால் கை நரம்பைக் கெடுக்கும், இதே தரிப்பு, இதே எரிச்சலோட. 1983-ல அமெரிக்காவுல அப்படி 7 பேரைப் பத்தி டாக்டர்கள் எழுதினாங்க, தினம் கிராம் கணக்குல சாப்பிட்டவங்க, தள்ளாடித் தள்ளாடி நடந்தவங்க. நமக்குத் தேவை ஒரு நாளைக்கு ரெண்டு மி.கி. கூட இல்லை. ஆம்ப்யூல்ல 100. பத்து நாளைக்கு டாக்டர் பார்த்துப் போட்டா யாரும் கெட்டுப்போக மாட்டாங்க. ஊசி முடிஞ்சதும் அதே பி6 உள்ள மாத்திரையை மாசக்கணக்கா விழுங்குறாங்களே, அங்கதான் எனக்குப் பயம்.

இன்னொண்ணு, எங்க வச்சு யார் போடுறாங்க. நான் ஓமன்ல ஒரு கிளினிக்ல இருந்தப்ப, லாரி ஓட்டுற ஒருத்தர் இதே மாதிரி பி1 ஊசி போட்டுக்கிட்டு சட்டையைப் போடுறதுக்குள்ள உடம்பு பூரா தடிச்சு, தொண்டை அடைச்சு, "அம்மா"ன்னு ஒரு சத்தம்தான் கேட்டது. அந்த அலர்ஜியை அடக்குற அட்ரினலின் ஊசி கைக்கெட்டுற தூரத்துல இருந்தது, தொடையில குத்தினேன், பிழைச்சார். முன்னாடி நாலு தடவை அதே ஊசி போட்டவர் அவர். அபூர்வமா வர்றதுதான், ஆனா வந்தா நிமிஷக் கணக்கு. உங்க ஜங்ஷன் கிளினிக்ல அட்ரினலின் இருக்கான்னு கேளு. போட்டதும் அரை மணி நேரம் உட்கார வைப்பாங்களான்னு கேளு. இடுப்புல போட்டா மேல் வெளிப்பக்கமா, ஆழமா சதையில போடணும். ரத்தக்குழாய்ல போயிறக் கூடாது. கீழ உள்பக்கமாத் தள்ளிக் குத்தினா காலுக்குப் போற பெரிய நரம்புல பட்டு, பாதம் தொங்கிப்போன ஒரு பையனை நான் பார்த்திருக்கேன், காய்ச்சலுக்கு ஊசி போட வந்தவன்.

அதனால என் யோசனை இதுதான். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ தக்கலை அரசு ஆஸ்பத்திரிக்கோ அழைச்சுட்டுப் போ. பி12, மூணு மாச சுகர், ரத்த அளவு, கிட்னி, தைராய்டு பார்க்கச் சொல்லு. பாதத்துல நைலான் நூல் மாதிரி ஒண்ணை வச்சு அழுத்திப் பார்ப்பாங்க, டியூனிங் ஃபோர்க்கை அடிச்சு அதிர்வு தெரியுதான்னு எலும்பு மேல வைப்பாங்க. அது நடக்காம வந்துறாதே. வெளுத்த தேமல் எங்கயாவது உணர்ச்சி இல்லாம இருக்கான்னும் காட்டு, தொழுநோய் இல்லைன்னு உறுதியாகட்டும். அந்த ரஷ்யப் பெட்டியையும் கையில எடுத்துட்டுப் போ. அக்கா மகன் அன்போட கொண்டு வந்தது, அதை மறைக்காதே. டாக்டர் பார்க்கட்டும்.

---

தூத்தூர்_கடலோடி:

நர்ஸம்மா பி6 பத்தி எழுதினது என் காலுல பட்டது. நான் ஆழ்கடல் போட்டுல போறவன், ஒரு தடவை போனா 35, 40 நாள். நின்னு நின்னு கால் வலின்னு ஒருத்தர் 100 மி.கி. பி6 உள்ள மாத்திரை சொன்னார். நல்லா இருந்தா ரெண்டா போடலாம்னு நானே முடிவு பண்ணி, காலையும் ராத்திரியும் ஒண்ணரை வருஷம். எனக்கு சுகர் கிடையாது. வயசு 36. கடைசியில வலையைப் பிடிச்சா கயிறு ஈரமா காய்ஞ்சதான்னு கை சொல்லாது. கண்ணை மூடிக்கிட்டு முகம் கழுவினா ஆடிப்போவேன். அதுக்கும் இன்னும் சத்து வேணும்னு நினைச்சு இன்னொரு டப்பா வாங்கினேன்.

ஒரு நரம்பு டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துட்டு, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எல்லாத்தையும் கொண்டாங்க"ன்னார். பையைக் கொட்டினேன். அந்த டப்பாவைத் தனியா எடுத்து வச்சு "இதை நிறுத்துங்க"ன்னார். நிறுத்தியும் முதல் மூணு வாரம் கூடத்தான் செஞ்சது, அப்படித்தான் ஆகும்னு முன்னாடியே சொல்லியிருந்தார். எட்டு மாசத்துல கை சரியாச்சு. இடது கால் பெருவிரல் இன்னும் முழுசா வரல. அக்கா, அப்பா சாப்பிடுற சத்து மாத்திரை, பவுடர் எல்லாத்தையும் டாக்டர் முன்னாடி கொட்டுங்க.

---

மார்த்தாண்டம்_அண்ணாச்சி:

எங்க பக்கம் ஒரு பெரியவர் சொன்னார், மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) தின்னா நரம்பு தளரும்னு. அதுல விஷம் உண்டாம். நாங்க வாரத்துல நாலு நாள் கிழங்கும் மீன்கறியும்தான். விட்டுரணுமா நர்ஸம்மா?

---

நெய்யூர்_நர்ஸம்மா:

அண்ணாச்சி, பெரியவர் சொன்னதுல உண்மை இருக்கு, ஆனா நம்ம வீட்டுக்கு அது பொருந்தாது. மரச்சீனியில சயனைடா மாறுற ஒரு பொருள் இருக்கு, கசப்புக் கிழங்குல கூடுதல். நைஜீரியாவுல வருஷம் பூரா கிழங்கையே தின்னு, மீன், கறி கிடைக்காத சனங்களுக்குக் கால் நரம்பு தளர்ந்து நடை கெட்டதை டாக்டர்கள் எழுதி வச்சிருக்காங்க. நாம தோலைச் சீவி, நறுக்கி, நிறைய தண்ணியில வேகவச்சு, அந்தத் தண்ணியை வடிச்சு ஊத்திடறோம். கூட மீன்கறி வேற. மீன்ல இருக்கிற புரதம், உடம்பு அந்த விஷத்தைக் கழிக்கிறதுக்கு உதவும். திருவிதாங்கூர் காலத்துல அரிசி இல்லாம கிழங்குதான் நம்ம அம்மைமாரைக் காப்பாத்தினது. தின்னுங்க. வடிச்ச தண்ணியை ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைக்காதீங்க. சுகர் இருந்தா கிழங்கோட அளவைப் பார்த்துக்கோங்க, அது நேரா சுகரை ஏத்தும்.

---

குலசேகரம்_மகள்:

12 நாள் கழிச்சு எழுதுறேன். எல்லாருக்கும் நன்றி. நர்ஸம்மா, நீங்க எழுதின அன்னைக்கு ராத்திரியே காலைப் பார்த்தேன். வலது சுண்டுவிரல் இடுக்குல தோல் பிளந்து வெள்ளையா இருந்தது. யாருமே பார்க்கல. அப்பா காலை என் மடியில வைக்கக் கூச்சப்பட்டு இழுத்து இழுத்து வச்சார். "உன் காலை நான் பிடிச்சு நடை பழக்கினேன், இப்ப நீ பிடிக்கா"ன்னார். எனக்கு அழுகை வந்துட்டு.

ஆசாரிப்பள்ளம் போனோம். ஒரு நாள் பூரா ஆச்சு, ஆனா டாக்டரம்மா பொறுமையா பார்த்தாங்க. நைலான் நூலால பத்து இடத்துல தொட்டதுல வலது பாதத்துல ஏழு இடம் தெரியல. டியூனிங் ஃபோர்க் பெருவிரல்ல வச்சப்ப "ஒண்ணும் இல்ல"ன்னார், முட்டியில வச்சப்ப "இப்ப இருக்கு"ன்னார். கண்ணை மூடி நிக்கச் சொன்னாங்க, சாய்ஞ்சுட்டார், பக்கத்துல இருந்த பையன் பிடிச்சான். தேமல் எதுவும் இல்லை.

பி12 171. 200-க்குக் கீழ இருந்தா குறைவுன்னாங்க. மூணு மாச சுகர் 8.6. ரெண்டும் சேர்ந்துதான் காலைக் கெடுத்திருக்குன்னும், சுகரால வந்த பங்கையும் பி12-ஆல வந்த பங்கையும் தனித்தனியா பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னும், ஆனா பி12 பங்கைத் திருப்ப வாய்ப்பு இருக்குன்னும் சொன்னாங்க.

இசிஜியில அடைப்பு ஒண்ணும் இல்லை. ஆனா பிரஷர் படுத்திருக்கும்போது 142, எழுந்து நின்னு மூணு நிமிஷத்துல 114. தலைசுத்தலுக்கு அதான் காரணம். உள்ளுறுப்புகளுக்குப் போற நரம்பையும் சுகர் தொட்டிருக்காம். அப்பா பிரஷருக்கும் ஒரு மாத்திரை போடுறார், முன்னாடி எழுத விட்டுப்போச்சு, அதோட நேரத்தை மாத்தித் தந்தாங்க. படுக்கையில இருந்து எழும்போது ரெண்டு நிமிஷம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்துட்டு எழணும்னாங்க. சிரட்டையைக் குனிஞ்சு எடுக்காம முட்டி மடக்கி உட்கார்ந்து எடுக்கச் சொன்னாங்க.

ரஷ்யப் பெட்டியைக் காட்டினேன். டாக்டரம்மா அதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. மருந்தில குறை சொல்லல. ஆனா அப்பாவுக்கு வேண்டியது பி12 மட்டும்தான், அதுக்காக பி6-ஐயும் லிக்னோகைனையும் எதுக்கு உள்ள விடணும்னு கேட்டாங்க. தனி பி12 ஊசி எழுதித் தந்தாங்க. முதல் ரெண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் இடைவெளி விட்டு. மூணு ஊசி ஆயாச்சு, எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல. அங்க சிஸ்டர் அரை மணி நேரம் பெஞ்சுல உட்கார வைக்கிறாங்க. நான் கேட்கவே வேண்டியிருக்கல. பேன்டோப்ரசோலை மெதுவா குறைச்சு, நெஞ்செரிச்சல் வந்தா மட்டும் போடச் சொல்லியிருக்காங்க. மெட்ஃபார்மின் நிறுத்தல. ராத்திரி எரிச்சலுக்குத் தனியா ஒரு மாத்திரை, பிரீகாபாலின்.

எரிச்சல் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு. மாத்திரையா ஊசியான்னு தெரியல. தரிப்பு அப்படியேதான் இருக்கு. எப்ப போகும் நர்ஸம்மா?

---

நெய்யூர்_நர்ஸம்மா:

எரிச்சல் குறைஞ்சது பெரும்பாலும் அந்த மாத்திரையாத்தான் இருக்கும், மூணு ஊசிக்குள்ள நரம்பு திரும்பாது மக்ளே. உன்னை ஏமாத்த மாட்டேன். நரம்பு வளர்றது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான்னு நாங்க படிச்சது. ஆறு மாசம், ஒரு வருஷம்னு பார்த்துத்தான் எவ்வளவு வரும்னு தெரியும், முழுசா வராமலும் போகலாம். இந்த பி வைட்டமின்களை நரம்பு வலிக்குன்னு பொதுவா எல்லாருக்கும் கொடுக்கிறதுக்கு ஆதாரம் போதாதுன்னு 2008-ல 13 ஆய்வைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன்ங்கிற ஆய்வுக் குழு எழுதினது. ஆனா குறை இருக்கிற ஆளுக்குக் கொடுக்கிறது வேற விஷயம், உங்கப்பாவுக்கு 171-ன்னு தெளிவா வந்திருக்கு. ஊசியை விடாம முடிங்க. எரிச்சல் அடங்கிச்சுன்னு நடுவுல நிறுத்துறவங்கதான் அதிகம்.

ஊசி முடிஞ்சதும் டாக்டர் சரின்னா தினம் 1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரை போதுமான்னு கேளு. அவ்வளவு பெரிய அளவுல நூத்துல ஒரு பங்கு அமிலத்தோட உதவி இல்லாமலே உள்ள போயிரும், அதுவே நம்ம தேவைக்கு மேல. ஃபோலிக் ஆசிட் மட்டும் தனியா யாராவது எழுதினா பி12 குறைவுன்னு சொல்லிரு. ரத்தம் சரியான மாதிரி காட்டிக்கிட்டு நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே போகும்.

பிளந்த இடுக்கு எப்படி இருக்கு? செருப்புக்கு என்ன செஞ்சீங்க?

---

குலசேகரம்_மகள்:

இடுக்கு காய்ஞ்சுட்டு. ஆசாரிப்பள்ளத்துலயே மெத்துன்னு இருக்கிற மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பு எழுதித் தந்தாங்க, பின்னாடி வார் வச்சது. அதைப் போட்டுக்கிட்டுத் தோட்டத்துக்குப் போறார். முதல் நாள் வார் அறுக்குதுன்னு கழட்டி வச்சுட்டார். அம்மா போய் 3 மணிக்கு லைட்டை ஒளிச்சு வச்சுட்டா, செருப்பைப் போட்டாத்தான் லைட்டுன்னு. இப்ப போட்டுக்கிறார்.

ரஷ்யப் பெட்டி ஃபிரிட்ஜ்ல கீழ் தட்டுல இருக்கு. அக்கா மகன் அடுத்த மாசம் திரும்பிப் போகும்போது எடுத்துட்டுப் போறேன்னு சொல்லிட்டான். அவன்கிட்ட பி12 ரிசல்ட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "ஊசி கொண்டு வர்றதுக்கு முன்னாடி நான் தாத்தா மாத்திரைச் சீட்டைக் கேட்டிருக்கணும் சித்தி"ன்னான். இப்ப தினம் ராத்திரி அவன்தான் டார்ச் பிடிக்கிறான்.